பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் காலடியில் ஒன்று. அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே மாஸ்டர் தன் ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டார். வண்டியை ஓட்டுவது யாரோ. நிறுத்துவது மட்டும் அவர். காலையில் கல்லூரிக்குப் போகிறவர்கள், மதியம் வீட்டு வேலையை முடித்துவிட்டு வருகிற பெண்கள், சாயங்காலம் ஆபீசிலிருந்து தொங்கிப்போன முகத்தோடு வருகிறவர்கள் என்று ஓட்டுகிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்து சீட்டில் விழுந்திருந்த குழி மட்டும் அவருடையதாகவே இருந்தது. பிரேக்கை மிதித்து மிதித்து வலது கெண்டைக்கால் பருத்துவிட்டதாக அவருக்கு ஒரு சந்தேகம். ஒரு நாள் மனைவியிடம் இரண்டு காலையும் நீட்டிக் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, படுங்க" என்று விளக்கை அணைத்தாள்.

தொழிலில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. கத்த மாட்டார், எரிந்து விழ மாட்டார். தப்பு நடப்பதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுவதுதான் அவருடைய சாமர்த்தியம். கிளட்சைப் பட்டென்று விடப்போகிறவனுக்கு முதலில் தோள் இறுகும். கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பப்போகிறவள் அதற்கு முன் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். மாஸ்டர் வாயைத் திறந்து சொல்வதற்குள் அவர் கால் பிரேக்கை மிதித்து முடித்திருக்கும். தப்பு நடந்த பிறகு சொல்வதற்கு மாஸ்டர் எதற்கு, தெருவில் போகிறவனே சொல்வானே என்பது அவர் கட்சி. நியாயம்தான். ஆனால் பிரேக் மிதிக்கிற அந்தக் காலை அவரால் சாயங்காலம் வண்டியிலேயே விட்டுவிட்டு வர முடியவில்லை. அது அவரோடு மாடிப்படி ஏறி வீட்டுக்குள்ளும் வந்தது.

மனைவி ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். குடியிருப்பில் அவளுக்கு லேப் அக்கா என்று பெயர். சர்க்கரை ஜாஸ்தியா, கொழுப்பு ஜாஸ்தியா என்று ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியிலேயே ஆட்கள் வழிமறிப்பார்கள். நாளெல்லாம் நின்றபடி ஊசி குத்திவிட்டு, வீங்கிய காலோடு வந்து நாற்காலியில் சாய்ந்து, "இன்னைக்கு லேபுக்கு ஒரு சின்னக் குழந்தை வந்துச்சு..." என்று ஆரம்பிப்பாள்.

"அம்மா மடியில உக்கார வச்சுக்கச் சொல்லணும். அப்பதான் திமிறாது" என்பார் மாஸ்டர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அதோடு பேச்சு நின்றுவிடும். அந்தக் குழந்தை திமிறவே இல்லை. ஊசியை உருவியதும் இவள் கையைத் தடவிக்கொடுத்து, "உனக்கு வலிச்சுதா?" என்று கேட்டது. நாள் முழுக்க அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து வீடு வரைக்கும் கொண்டுவந்தாள். மாஸ்டருக்கு அது வந்து சேரவே இல்லை.

எதைச் சொன்னாலும் இதே கதைதான். "இடுப்பு விட்டுப்போச்சு" என்றால், "செருப்பை மாத்து." "மேலதிகாரி எல்லார் முன்னாடியும்..." என்றால், "புகார் எழுதிக் கொடுத்துட வேண்டியதுதானே." அவர் கெட்டவர் இல்லை, உதவி செய்கிற நினைப்பில்தான் செய்தார். அவள் எங்கே போய் இடித்துக்கொள்ளப் போகிறாள் என்பது அவருக்கு அவள் வாயெடுக்கும்போதே தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை. இப்படி நம்புகிற புருஷனோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு அலுப்பான காரியம் என்று நடத்தியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வருடம் போகப் போக அவள் பேச்சு சுருங்கியது. கடைசியில் கேஸ் தீர்ந்துவிட்டது, குழாய் ஒழுகுகிறது, வெளியூரில் படிக்கிற மகள் போன் பண்ணினாள் என்பதோடு நின்றது. மற்றதெல்லாம் துணி காயப்போடுகிற பால்கனியில் நின்று போனில் தன் அக்காவிடம் போயிற்று. உள்ளே உட்கார்ந்திருக்கிற மாஸ்டருக்கு அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும். அக்காவும் தங்கையும் பேச அப்படி என்னதான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது என்று வெளியில் பெருமையாகச் சொல்வார். சண்டை போடுவதற்கும் இரண்டு பேர் பேசியாக வேண்டும் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

கல்யாணமான புதிதில் அவளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஒரு முயற்சி நடந்தது. வகுப்புகள் முடிந்த பிறகு பள்ளிக் காரிலேயே கூட்டிக்கொண்டு போவார். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பாள். வண்டி தானாகத் தயங்கும், தானாக நிற்கும். தான் செய்தது சரியா தப்பா என்றே அவளுக்குத் தெரியாது, அதற்குள் அவர் கால் வேலையை முடித்திருக்கும். ஒரு நாள் கடைவீதி நடுவில் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, பின்னால் ஹாரன் அலற, விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். அதற்குப் பிறகு ஸ்டியரிங் பக்கம் போகவில்லை. மாஸ்டர் இந்தக் கதையைப் போகிற விருந்தில் எல்லாம் கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்வார். "ஊருக்கெல்லாம் கத்துக்கொடுத்தேன், வீட்டு ஆளு பாதி வழியில எறங்கிப் போயிட்டா" என்றதும் எல்லோரும் சிரிப்பார்கள். பக்கத்தில் நின்று அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு பால்கனிச் சிரிப்பு போல இல்லை என்று அவர் கவனித்ததில்லை.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில் அவள், "பக்கத்து டவுன்ல எங்க ஆஸ்பத்திரி கிளை திறக்கிறாங்க. லேப் பொறுப்பை என்கிட்ட..." என்றாள்.

"அங்கேருந்து கடைசி பஸ் பொழுது சாயறதுக்குள்ள கிளம்பிடும். உன் வேலை முடியுறப்போ பஸ் இருக்காது" என்றார் மாஸ்டர்.

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "தெரியும். சரின்னு சொல்லிட்டேன். அங்க ஒரு நர்ஸ் பொண்ணு ரூம் எடுத்திருக்கு. அதோட தங்கிக்குவேன். ஞாயித்துக்கிழமை வருவேன்." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். குழாயடியில் தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது. மாஸ்டர் பிசைந்த சோற்றை மறுபடியும் பிசைந்துகொண்டிருந்தார். பஸ் நேரத்தைத் தவிர வேறு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியதைப் போல இருந்தது. அதைச் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அடுத்த வாரம் லைசென்ஸ் டெஸ்ட் நடக்கிற மைதானத்துக்கு ஒரு பல் டாக்டரை அழைத்துக்கொண்டு போயிருந்தார். வண்டிகள் வரிசையில் நின்றன. முன்னால் நின்றது கடைவீதியில் புதிதாக வந்திருக்கிற பயிற்சிப் பள்ளியின் கார். அதில் சொல்லிக்கொடுப்பது ஒரு பெண். மற்ற மாஸ்டர்கள் அவளைப் புது மேடம் என்பார்கள். காருக்குள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தவளின் பின்னங்கழுத்தைப் பார்த்ததும் மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கழுத்தை அவருக்குத் தெரியாதா?

"மாஸ்டர், எதுக்கு பிரேக் போடறீங்க? வண்டி ஓடலையே" என்றார் பல் டாக்டர்.

மாஸ்டர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிரேக் அடி வரைக்கும் அமுங்கியிருந்தது.

அவர் மனைவி கம்பங்களுக்கு நடுவில் பின்பக்கமாக வண்டியை எடுத்தாள். ஒரு தடவை தயங்கி நிறுத்தி, நிமிர்த்தி, மறுபடி எடுத்தாள். ஒரு கம்பமும் அசையவில்லை. இறங்கி வந்தவள் மாஸ்டரைப் பார்த்தாள். முகம் வெளிறியது, ஆனாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை. டீக்கடை ஓரம் நின்றிருந்த சக மாஸ்டர்கள் இதற்குத்தான் காத்திருந்தவர்கள் மாதிரி பிடித்துக்கொண்டார்கள். "என்ன மாஸ்டர், உங்க கடை சரக்கு வீட்லயே விலை போகலையா?" மாஸ்டரும் சிரித்தார். தன்னைப் பற்றிய கதைக்கு நடுவில் நின்று சிரிப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று வீட்டில் அவர்தான் முதலில் ஆரம்பித்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டேன்."

"எப்ப?"

"மழை பேஞ்சுது அன்னைக்கு. நான் வண்டி கத்துக்கலாம்னு பார்க்கறேன்னு ஆரம்பிச்சேன். இந்த வயசுல எதுக்கு, எங்க போகணும்னாலும் நான் கொண்டு விடறேன்னு சொன்னீங்க. சொல்லிட்டு குடையைத் தேடப் போயிட்டீங்க."

மாஸ்டருக்குக் குடையைத் தேடியது ஞாபகம் இருந்தது. மற்றது இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை முறை பிரேக்கை மிதித்தோம் என்று எந்த மாஸ்டருக்கு ஞாபகம் இருக்கும்?

"அப்ப ரூம்னு சொன்னியே? வண்டி எதுக்கு? ஒரேயடியா போறதுக்கா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கி எதிர் நாற்காலியில் போட்டுக்கொண்டாள். கோபம் இல்லை, களைத்திருந்தாள். "தினமும் வந்து போக முடியுமான்னு பார்க்கத்தான் கத்துக்கிட்டேன். முடியும். ஆனா வந்து என்ன பண்றதுன்னுதான் தெரியல. அங்க அந்த நர்ஸ் பொண்ணுகிட்ட பேசினா அது கேக்கும். இங்க வந்தா குழாய் ஒழுகுறதைச் சொல்லுவேன். அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் வண்டி ஓட்டணும்?"

மாஸ்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். குழாயை நாளைக்கே சரி பண்ணிவிடுகிறேன் என்பதுதான் நாக்கின் நுனி வரைக்கும் வந்திருந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

மறுநாள் புது மேடத்தை அவளுடைய பள்ளி வாசலிலேயே பிடித்தார். சண்டைக்கு வந்திருப்பதாக நினைத்து அந்தப் பெண் முந்திக்கொண்டாள். "உங்க வீட்டம்மான்னு எனக்கு முதல்ல தெரியாது சார்."

"அதுக்கு வரல. எப்படிக் கத்துக்கிட்டா?"

"ஓட்டறதுல ஒரு பிரச்சினையும் இல்ல. முதல்ல எல்லாம் ரோட்டைப் பார்க்கவே மாட்டாங்க. என் காலைத்தான் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. எப்ப மிதிப்பேன்னு. சொல்லிப் பார்த்தேன், கேக்கல. அப்புறம் ரெண்டு காலையும் தூக்கி சீட் மேல வச்சு சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். உள்ளுக்குள்ள உயிர் போச்சு எனக்கு. அவங்க ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க." பேச்சுவாக்கில் சொன்னதுதான். மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் அவள், "டீ சாப்பிடறீங்களா சார்?" என்றாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

அன்றைக்கு முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. கல்யாணமான புதிதில் சாலையைப் பார்க்காமல் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்த அந்த இருபத்து நாலு வயது மனைவியை நினைத்து வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விட வருத்தம் அதிகமாக இருந்தது.

கிளை திறக்க இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. மாஸ்டர் வாயை அடக்கப் பழகினார். கேட்க சுலபமாக இருக்கிறது. செய்து பார்த்தால் தெரியும். அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் இவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் பாதியில் நிறுத்தி, "வயிறு ஏதாவது பண்ணுதா?" என்று கேட்பாள். "இல்ல, நீ சொல்லு" என்பார். யாராவது இப்படி உட்கார்ந்து வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் சொல்ல வந்தது எப்படி வரும்? "ஒண்ணும் இல்ல" என்று எழுந்து போய்விடுவாள். பத்தில் எட்டு தடவை இப்படித்தான் போயிற்று. மீதி இரண்டில் அவரே வழக்கம்போல மிதித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒரு நாள் அவளே பொறுக்க முடியாமல், "இப்படி பரீட்சைக்கு வந்தவர் மாதிரி உக்காராதீங்க. எனக்கு பயமா இருக்கு" என்றாள். "கொஞ்சம் பேசலாம். கேள்வி கேக்கலாம். இதைச் செய், அதைச் செய்யின்னு மட்டும் வேண்டாம்."

"சில சமயம் யோசனையும் கேக்கறியே. எது எப்பன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பாவம், உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அவள் யோசித்தாள். அவளிடமும் தப்பு இருந்தது. இத்தனை வருடமாக அவருக்குத் தானாகத் தெரிய வேண்டும் என்று காத்திருந்தாள். தெரியாதபோது பால்கனிக்குப் போனாள். "சரி, நான் சொல்லிடறேன். யோசனை வேணும்னா வேணும்னு சொல்றேன். இல்லேன்னா சும்மா கேளுங்க."

இது கொஞ்சம் வேலை செய்தது. "யோசனை வேண்டாம், மேலதிகாரியைத் திட்டணும்" என்று அறிவித்துவிட்டு அவள் திட்டுவாள். மாஸ்டர், "அப்புறம் அவன் என்ன சொன்னான்?" என்பார். அந்த ஆளைப் பல வருடமாக எழுதிக் கொடு, எழுதிக் கொடு என்று தீர்த்து வைத்திருந்தவருக்கு அவன் எப்படிப் பேசுவான், எப்படி மூக்கை உறிஞ்சுவான் என்பதெல்லாம் இப்போதுதான் தெரிய வந்தது. ஒரு முறை இரண்டு பேரும் சேர்ந்தே சிரித்தார்கள். அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மறுநாளே மின்கட்டண வரிசையில் எப்படி நிற்பது என்று அவளுக்கே வகுப்பு எடுத்தார். அவள் பேசாமல் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். இத்தனை வருடத்துக் கால், கொஞ்ச நாளில் ஓய்ந்துவிடுமா?

வேலையில் சேர்வதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வழி பழக வேண்டும் என்று அவள் வீட்டுக் காரை எடுத்தாள். அது பழைய சின்னக் கார். அதில் பிரேக் ஒன்றுதான். "நானும் வரட்டுமா?" என்று கேட்டார் மாஸ்டர். வருகிறேன் என்று சொல்லாமல் வரட்டுமா என்று கேட்டதற்காகவே அவள் சரி என்றாள்.

ஊர் எல்லை வரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. மாஸ்டர் ஜன்னல் வழியாகக் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தார். லாரி ஒன்று உரசுகிற மாதிரி கடந்தபோது பிரேக் என்று நினைத்துக் காலடி விரிப்பை மிதித்தார். அவள் அதைப் பார்த்தாள். நெடுஞ்சாலையில் ஏறுகிற சந்திப்பில், ஏற்றத்தில், வண்டி உறுமி அடங்கிவிட்டது. மறுபடி சாவியைத் திருகினாள். குலுங்கி நின்றது. பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன. அவள் தோள் இறுகுவது மாஸ்டருக்குத் தெரிந்தது. எங்கே தப்பு, எதை எவ்வளவு விட வேண்டும், எல்லாம் தெரிந்தது. அவள் யோசனை கேட்கவில்லை. அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"கல்லு மாதிரி உக்காந்திருக்காதீங்க. ஏதாவது சொல்லித் தொலைங்க" என்றாள் அவள்.

"எனக்கு பயமா இருக்கு" என்றார் மாஸ்டர்.

"வண்டிக்கா?"

"இல்ல. நீ அங்கயே இருந்துடுவியோன்னு."

சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பின்னால் ஒருவன் கதவைத் திறந்து திட்டிக்கொண்டே இறங்கினான். அவள் சாவியைத் திருகி, கிளட்சை மெதுவாக விட்டு, வண்டியை ஏற்றிக் கொண்டுபோனாள். வயல்களையும் கிடங்குகளையும் கடந்து ரொம்ப தூரம் போன பிறகுதான் பேசினாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம். எதுக்கு பஸ் டைம் சொன்னீங்க?"

"தெரியல" என்றார். அது உண்மை.

"ரூம்ல எனக்குன்னு ஒரு கட்டில் போட்டிருக்காங்க. இன்னும் வேண்டாம்னு சொல்லல. சொல்லப் போறதில்ல. முடியுற நாள் வருவேன். முடியாத நாள் அங்க படுத்துக்குவேன்."

முடிகிற நாள் எது, முடியாத நாள் எது, மழை பெய்தால் என்ன, டயர் வெடித்தால் என்ன என்று கேள்விகள் வரிசை கட்டி நின்றன. எல்லாவற்றையும் முழுங்கிக்கொண்டு, "சரி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை அவள் கிளம்பிப் போனாள். மாஸ்டர் அன்று ஆறு பேருக்கு வகுப்பு எடுத்தார். யார் எவர் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டுக்கு வந்து டீ போட்டு, குடிக்காமல் மூடி வைத்தார். போன் பண்ணலாமா என்று எடுத்தார். ஓட்டிக்கொண்டிருப்பாள் என்று வைத்தார். ஓட்டாமல் கட்டிலில் படுத்திருந்தால் என்ற நினைப்பும் கூடவே வந்தது. தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்தன. ஜன்னலுக்கும் நாற்காலிக்குமாக நடந்தார். வராவிட்டாலும் அவளைக் குறை சொல்ல முடியாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அது ஒன்றும் ஆறுதலாக இல்லை.

கீழே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தார். அவர்களுடைய கார்தான். முன்விளக்கு அணைந்தது, கதவு திறக்கவில்லை. டீயைச் சுட வைத்தார். டீ கொதித்து அடங்கியது. அவள் மேலே வரவில்லை.

மாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். அவள் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. பக்கத்துக் கதவைத் திறந்து, கேட்காமல் உட்காரலாமா என்று ஒரு கணம் தயங்கினார். அவள் சீட்டில் கிடந்த கைப்பையை எடுத்துப் பின்னால் போட்டாள். அவர் உட்கார்ந்தார்.

"இடிச்சுட்டேன்" என்றாள்.

மாஸ்டர் திரும்பினார். "உனக்கு அடியா?"

"இல்ல. யாருக்கும் இல்ல. வண்டிக்குத்தான்." ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். "இடிச்சதும் முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? யாருக்காவது அடிபட்டுச்சான்னு கூட இல்ல. இன்னைக்கு வீட்டுக்குப் போக வேண்டாம், ரூம்லயே படுத்துக்கலாம்னுதான். உங்ககிட்ட சொல்லணுமேன்னு. திரும்பி ரூம் வாசல் வரைக்கும் போயிட்டேன்."

மாஸ்டர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடி கேட்டார். "அப்புறம் ஏன் வந்தே?"

"சொன்னா கடைசி வரைக்கும் கேப்பீங்களான்னு பார்க்கலாம்னு வந்தேன்." முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "யோசனை வேண்டாம்."

வெளியே இறங்கி எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று பார்க்க அவருக்குக் கை பரபரத்தது. அவர் இறங்கவில்லை. "சொல்லு" என்றார்.

அவள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியதிலிருந்து ஆரம்பித்தாள். இடித்த இடத்துக்கு வந்து சேர வெகு நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் அவர் உட்கார்ந்திருந்தார்.